கோவில்காட்டில் மரக் கணக்கெடுப்பு: போனில் புள்ளி தள்ளித் தள்ளி விழுகிறது

மேலூர்க்காரன்:
அரிட்டாபட்டியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவித்ததிலிருந்து எங்கள் ஊர்க் கோவில்காட்டுக்கும் ஒரு முறையான பதிவு வேண்டுமென்று எல்லோருக்கும் ஆசை, அதனால் இளைஞர்கள் சேர்ந்து மரங்களைக் கணக்கெடுக்கிறோம். போனில் கியூஃபீல்டு என்ற வரைபடச் செயலியைப் போட்டு, ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று புள்ளி வைக்கிறோம். வெட்டவெளியில் சரியாக விழுகிறது. உசிலை அடர்ந்த இடத்தில் தள்ளிப்போய்ப் பக்கத்து மரத்தோடு குழம்புகிறது. அந்தக் காட்டில் ஒரு சுள்ளிகூட ஒடிக்க மாட்டோம், ஆணி அடித்து எண் தகடு மாட்டும் பேச்சே இல்லை. உள்ளே டவரும் கிடைக்காது. நல்ல போன் வாங்கினால் தீருமா?

சிறுமலை அடிவாரம்:
டவர் பற்றிக் கவலை வேண்டாம், ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை. வரைபடத்தை வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள். போன் மாற்றினாலும் இலைக்கூரைக்கு அடியில் சில மீட்டர் பிசகத்தான் செய்யும், அதனால் மரத்துக்கு மரம் புள்ளி வைப்பதை விடுங்கள். நகராத ஒரு கல்லை நடுவாக வைத்து 17.84 மீட்டர் கயிற்றில் சுற்றி வந்தால் 0.1 ஹெக்டேர். அந்தக் கல்லின் இடத்தை மட்டும், போனை அசைக்காமல், சராசரி எடுக்கும் வசதியைப் போட்டுப் பதியுங்கள். மரங்களுக்குக் கல்லிலிருந்து தூரம் டேப்பில், திசை காம்பஸில். தகடு இல்லாமலேயே அடுத்த வருடம் அதே மரத்தைக் கண்டுபிடிக்கலாம். சுற்றளவு 1.37 மீட்டர் உயரத்தில், எல்லோரும் ஒரே இடத்தில் பிடிக்க ஒரு குச்சியை அந்த அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சரிவில் கயிற்றைத் தரையோடு விடக்கூடாது, மட்டமாகப் பிடிக்கணும், இல்லையென்றால் வட்டம் சுருங்கிவிடும்.

உசிலம்பட்டி டீச்சர்:
யுடிஎம்மில், அதாவது பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறையில், வேலை செய்தால் மண்டலத்தைப் பாருங்கள். இரண்டு மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை மதுரைக்குக் கொஞ்சம் மேற்கே போகிறது. மேலூர் 44-ஆம் மண்டலம், எங்கள் உசிலம்பட்டி 43. இரண்டு பக்கத்துத் தரவையும் சேர்க்கும்போது இது நிறைய இடிக்கும். மரப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலில் தேர்ந்தெடுக்க வையுங்கள், அந்தப் பட்டியலை ஆடு மேய்க்கிற பெரியவர்களோடு உட்கார்ந்து தயாரியுங்கள். சந்தன மரம் தென்பட்டால் அதன் இடத்தைத் தயவுசெய்து பொதுவில் போடாதீர்கள்.

மேலூர்க்காரன்:
ரொம்ப நன்றி. கல் வட்டம்தான் எங்களுக்குச் சரிப்படும். காட்டை ஒட்டிக் காப்புக்காடு எல்லை வருகிறது, அந்தப் பக்கம் போக அனுமதி வேண்டுமா?

சிறுமலை அடிவாரம்:
கட்டாயம். மாவட்ட வன அலுவலருக்கு முதலிலேயே மனு கொடுங்கள், வரும்வரை உங்கள் பக்கத்து வட்டங்களை முடித்துவிடலாம்.