அடிமை முறையை ஒழித்தது வேதமா, பகுத்தறிவா?

கடலோடி:
நேற்று வேறொரு இழையில் ஒரு நண்பர், "மனிதர் எல்லோரும் சமம் என்ற எண்ணமே ஐரோப்பிய அறிவொளிக் காலம் கொடுத்தது, மதங்கள் கடைசிவரை அடிமை முறைக்குத் துணை நின்றன" என்று எழுதியிருந்தார். அறிவொளிக் காலம் என்பது பகுத்தறிவை முன்னிறுத்திய 18-ஆம் நூற்றாண்டுச் சிந்தனை இயக்கம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். அறிவொளிக் காலத்தின் பெரிய எழுத்தாளர் வால்டேர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. குவேக்கர் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவின் கூட்டத்துக்கு அவர்கள் அதை அனுப்பினார்கள். உனக்கு மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே அவர்களுக்கும் செய் என்ற சுவிசேஷ வாக்குதான் அவர்களுடைய வாதம். நூறு வருடம் கழித்து, 1787-இல், லண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கூடிய குழுவில் பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேர் குவேக்கர்கள். குழுவுக்காக ஊர் ஊராகக் குதிரையில் போய்ச் சாட்சியம் திரட்டிய தாமஸ் கிளார்க்சன் ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில், குருப்பட்டத்துக்குப் படித்தவர். இவர்களை நகர்த்தியது நம்பிக்கைதான்.

தீக்கல்:
அந்த இழையில் எழுதியவன் நான்தான், இங்கேயே பதில் சொல்கிறேன். நீங்கள் சொல்கிற சுவிசேஷ வாக்கு ஆயிரத்து அறுநூறு வருடமாகப் புத்தகத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசிக்கவும் பட்டது. அத்தனை காலம் பெரும்பாலோர் கண்ணில் படாமல், 18-ஆம் நூற்றாண்டில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் கண்ணில் ஏன் பட்டது? காற்றே மாறியிருந்தது, அதனால்தான். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோண்டெஸ்கியூ 1748-இல் அடிமை முறைக்குச் சொல்லப்பட்ட நியாயங்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் 1760-களில் அடிமை வியாபாரத்தை இயற்கை உரிமைக்கு எதிரான குற்றம் என்றது.

திருச்சபை என்ன செய்துகொண்டிருந்தது? பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் கரும்புத் தோட்டம் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் சங்கத்துக்குச் சொந்தம். அங்கே அடிமைகளின் நெஞ்சில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'சொசைட்டி' என்று சூடு போட்டார்கள். சங்கத்தின் பெயர், மனிதத் தோலில். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடலோடி:
காட்ரிங்டனை நான் நியாயப்படுத்த மாட்டேன். குவேக்கர்களே சுத்தம் என்றும் சொல்லவில்லை. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் அடிமைகளை வைத்திருந்த குவேக்கர். பிலடெல்பியா குவேக்கர்கள் தங்கள் உறுப்பினர் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று விதித்தது 1776-இல்தான்.

ஆனால் உங்கள் பக்கத்தையும் பாருங்கள். சுதந்திரத்தின் தத்துவ ஆசான் ஜான் லாக், ஆப்பிரிக்க அடிமைகளை விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். கறுப்பர்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று சந்தேகிப்பதாக அறிவொளிக் காலத் தத்துவஞானி டேவிட் ஹியூம் ஓர் அடிக்குறிப்பு எழுதினார். அதை ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1764-இல் எடுத்துக்காட்டி ஆமோதித்தார். பகுத்தறிவு பேசியவர்களுக்கே அந்தப் பகுத்தறிவு தோல் நிறத்தில் நின்றுவிட்டதே!

தீக்கல்:
ஹியூம் தவறு செய்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் தவறென்று காட்ட அவருடைய முறையே போதும்: சான்று கொண்டு வா, சோதித்துப் பார். வேதத்தில் ஒரு வசனம் தவறு என்று நிரூபிக்க என்ன வழி இருக்கிறது? "வேலைக்காரரே, உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்பதும் அதே புதிய ஏற்பாட்டில்தானே இருக்கிறது? 1794-இல் பிரெஞ்சுப் புரட்சிச் சபை தன் காலனிகள் எல்லாவற்றிலும் அடிமை முறையை ஒழித்தது. எந்த வசனத்தையும் காட்டவில்லை, மனித உரிமைப் பிரகடனத்தைக் காட்டியது.

மேகலா:
இரண்டு பேரும் பாரிஸிலும் லண்டனிலுமே நிற்கிறீர்கள். கொஞ்சம் கடலைத் தாண்டிப் பாருங்கள். பிரகடனம் 1789-இல் வந்தது, ஒழிப்பு 1794-இல். நடுவில் ஐந்து வருடம் ஏன்? 1791 ஆகஸ்டில் சான் டொமிங்கில், இன்றைய ஹெயிட்டியில், அடிமைகள் எழுந்தார்கள். அங்கே அவர்கள் எண்ணிக்கை சுமார் 5 லட்சம். தோட்டங்கள் எரிந்த பிறகுதான் பாரிஸுக்குத் தன் பிரகடனத்தின் முழு அர்த்தம் புரிந்தது. 1802-இல் நெப்போலியன் அதே பாரிஸிலிருந்து அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஹெயிட்டி பணியவில்லை, போராடி 1804-இல் சுதந்திர நாடானது.

அப்புறம், அந்த எழுச்சி மதமா பகுத்தறிவா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கிளர்ச்சிக்கு முன் காட்டில் வோடூ என்ற ஆப்பிரிக்க வழி மதத்தின் சடங்கு நடத்தி உறுதி எடுத்ததாக ஹெயிட்டி மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். தலைவராக வளர்ந்த டூசான் லூவெர்த்தூர் கத்தோலிக்க பக்தர். அவர் 1793-இல் விட்ட அறிவிப்பு கேட்டதோ சுதந்திரமும் சமத்துவமும்.

ஜமைக்காவைப் பாருங்கள். சாமுவேல் ஷார்ப் ஓர் அடிமை, பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் டீக்கன், அதாவது சபை ஊழியர். 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி இல்லாமல் யாரும் வேலைக்குப் போவதில்லை என்று பைபிளை முன்வைத்துத்தான் திட்டம் போட்டார். அது பெரும் கிளர்ச்சியாக வெடித்தது, முந்நூறு பேருக்கு மேல் மரண தண்டனைக்கு உள்ளானார்கள், 1832 மே மாதம் அவரும் தூக்கிலிடப்பட்டார். அடுத்த வருடமே பிரிட்டன் ஒழிப்புச் சட்டம் இயற்றியது.

இதற்கு முன்பே, 1807-இல், கரீபிய அடிமைகளுக்கென்று லண்டனில் தனியாக ஒரு பைபிள் அச்சிட்டிருந்தார்கள். எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையாகி வெளியேறும் கதை அதில் இல்லை. கீழ்ப்படியச் சொல்லும் வசனம் இருந்தது. எந்தப் பக்கம் யாருக்குப் பயம் தரும் என்று அச்சிட்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தோப்புத்துறையான்:
இஸ்லாமிய உலகைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் ஒரு செய்தி. துனிஸின், இன்றைய துனீசியாவின், ஆட்சியாளர் அகமது பே 1846-இல் அடிமை முறையை ஒழித்தார். பிரான்ஸ் இரண்டாவது முறை, நிரந்தரமாக ஒழித்தது 1848-இல். அகமது பே ஷரீஅத்துக்குள் நின்றே நியாயம் சொன்னார்: அடிமையை எப்படி நடத்த வேண்டும் என்று மார்க்கம் சொல்கிறதோ அப்படி இங்கே யாரும் நடத்துவதில்லை என்று. பிரிட்டனின் நெருக்குதலும் இருந்தது, மறைக்கவில்லை. அதேபோல் சவூதியில் 1962 வரை, மோரித்தானியாவில் 1981 வரை சட்டம் வரவில்லை என்பதையும் ஒரு முஸ்லிமாக வெட்கத்தோடு சொல்கிறேன்.

வண்டல்:
எல்லாம் படித்தேன். மேகலா அக்கா சொன்ன 1833 சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலெனாவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள், அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை, நம் ஊர் அடிமைகளுக்கு விடுதலையும் இல்லை. இந்து, முஸ்லிம் வழக்கங்களில் தலையிடக் கூடாது என்பது கம்பெனி சொன்ன காரணங்களில் ஒன்று. இங்கே 1843-இல் வந்த சட்டமும் அடிமை மேல் உரிமை கோரி வழக்குப் போட முடியாது என்றுதான் சொன்னது. அடிமை வைத்திருப்பது குற்றம் என்று ஆனது தண்டனைச் சட்டத்தோடு, 1862-இல்.

நான் தஞ்சாவூர்க்காரன். என் தாத்தா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தார். சட்டப்படி அடிமை இல்லை. ஆனால் அவர் முதுகில் சவுக்கடித் தழும்பு இருந்ததை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். அதைக் கேட்டு வாங்கச் செங்கொடி பிடித்துப் போனவர்களில் அவரும் ஒருவர். ஆடியில் மாரியம்மனுக்குக் காவடி எடுப்பதையும் அவர் விட்டதில்லை.

தீக்கல்:
வண்டல், தாத்தாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. மேகலா சொன்னதில் ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன்: பிரகடனம் தானாக நடந்து கடலைக் கடக்கவில்லை, 1791-இல் எழுந்தவர்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நேற்று நான் எழுதிய வரியைத் திருத்துகிறேன். ஆனால் ஆயிரத்து அறுநூறு வருடம் பற்றிய என் கேள்விக்குக் கடலோடி இன்னும் பதில் சொல்லவில்லை.

கடலோடி:
சொல்லவில்லை, உண்மை. இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது. எகிப்திலிருந்து வெளியேறும் அந்தக் கதை வரும் யாத்திராகமத்தை எங்கள் வீட்டு பைபிளில் தினமும் வாசிக்கிறோம். 1807 பதிப்பில் அந்தக் கதையை வெட்டி எடுத்தவர்களும் கிறிஸ்தவர்களே. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகரிடம் இதையே கேட்கப் போகிறேன், அவர் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.