சமையல்கட்டுக்குள் வந்த தும்பிக்கை: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நான் வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஒன்பதாவது படிக்கும்போது, ஒரு பனிக்கால ராத்திரி, சமையல்கட்டுச் சுவர் திடீரென்று சரிந்தது. அம்மா என் வாயைப் பொத்தினாள். இடிந்த ஓட்டை வழியாகத் தும்பிக்கை உள்ளே வந்து அரிசி மூட்டையைத் தடவி இழுத்தது. அப்புறம் உப்பு ஜாடியை. அது மூச்சு விடுகிற சத்தம் கட்டிலுக்கடியில் கிடந்த எங்களுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தன் பாட்டுக்குப் போய்விட்டது.

காலையில் பாட்டி சொன்னார்: "நம்ம பூட்டன் வெட்டின காடு இது. அது பழைய தடத்துல போகுது, அவ்வளவுதான்."

1890களில் வெள்ளைக்காரத் துரைமார் இங்கே தோட்டம் போட ஆரம்பித்தார்கள். கங்காணி (கூலியாட்களைத் திரட்டி மேய்க்கும் மேஸ்திரி) கூட்டிவந்த ஆட்கள் மரத்தைச் சாய்த்து, காயவிட்டு, தீ வைத்து, மழை பிடித்ததும் கன்று நட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் இன்று காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஒரு பக்கக் காட்டிலிருந்து மறுபக்கம் போக யானைக்குத் தேயிலையைத் தாண்டாமல் வழியில்லை. பகலில் ஆற்றோர மரங்களுக்குள் நிற்கும், இருட்டினால் நடக்கும்.

*

அக்கா, நானும் உங்கள் வால்பாறையில்தான், புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் வேலை பார்த்தேன். அங்கே சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) சாலையில் இறங்கி நடக்கும். மரத்தை விட்டு இறங்காத ஜாதி அது! ஒரு குட்டி வண்டியில் அடிபட்டதைக் கண்ணால் பார்த்தேன். தாய் அதைத் தூக்கிக்கொண்டே அலைந்தது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் குரங்குகள் தாண்டத் தொங்குபாலம் கட்டியது அதற்காகத்தான்.

*

நாங்கள் நீலகிரி கூடலூர். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அப்பா குடும்பத்தோடு வந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்க அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டைத் திருத்தித்தான் நட்டார்கள். லைனுக்குப் பின்னால் கோடையிலும் ஓடிய ஊற்று இருந்ததாம். எனக்கு நினைவு தெரிந்து பங்குனியில் அங்கே வெறும் கல்தான். குடத்தோடு இரண்டு மேடு ஏறி இறங்குவேன்.

*

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. எங்கள் வால்பாறைப் பக்கம் இப்போது யானை அருகில் இருந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது, போனுக்குத் தகவலும் வருகிறது. எத்தனையோ உயிர் தப்பியிருக்கிறது. ஆனாலும் அம்மா இன்றுவரை சமையல்கட்டில் அரிசி வைப்பதில்லை.