கரண்ட் கட்டுக்கு மட்டும் சின்னதாக ஒரு சோலார்: கையில் 40,000 ரூபாய், எப்படிச் செய்யலாம்?

உப்பளக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமம். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியது. விடிந்து பார்த்தால் எங்கள் தெருவில் ஒரு கம்பம்கூட நேராக நிற்கவில்லை. கரண்ட் திரும்பி வர 26 நாள் ஆனது. டேங்க்கில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வண்டிக்கு மணிக்கணக்குப் போட்டுக் காசு கொடுத்தோம், போன் சார்ஜுக்கு டிராக்டர் பேட்டரி. அப்பாவுக்கு இன்சுலின் போடுகிறோம், அந்த மருந்தை எங்கே வைப்பது என்று அம்மா அலைந்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஐப்பசி வந்தாலும் எனக்குள் ஒரு பதற்றம்.

இப்போது வீட்டில் 900 வி.ஏ. சைன் வேவ் இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். (ஆம்பியர் ஹவர்) டியூபுலர் பேட்டரியும் இருக்கின்றன, பேட்டரிக்கு மூன்று வயது. மூன்று ஃபேன், ஐந்து எல்.இ.டி. பல்பு, டி.வி. எல்லாம் ஓடினால் மூன்று மணி நேரத்துக்குள் கத்த ஆரம்பித்துவிடுகிறது. 190 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது, அது இன்வெர்ட்டரில் இல்லை.

ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர் 3 கிலோவாட் ஆன்கிரிட், அதாவது லைனோடு இணைத்த சோலார் போடுங்கள், மானியம் வரும், புயலடித்தாலும் உங்கள் வீட்டில் மட்டும் விளக்கெரியும் என்றார். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் அவ்வளவு பணம் இல்லை. என்னிடம் 40,000 இருக்கிறது. இருக்கிற இன்வெர்ட்டரோடு பேனலைச் சேர்க்க முடியுமா? பேட்டரியை லித்தியமாக மாற்ற வேண்டுமா? ஃப்ரிட்ஜ் ஓட்ட முடியுமா?

மதுரை வயர்மேன்:

தம்பி, முதலில் அந்தக் கம்பெனிக்காரர் சொன்னதைத் தீர்த்துவிடுவோம். புயலில் விளக்கெரியும் என்று அவர் சொன்னது தவறு. பேட்டரி இல்லாத சாதாரண ஆன்கிரிட், லைனில் கரண்ட் இருக்கும்வரைதான் ஓடும். லைன் போன நொடியில் அந்த இன்வெர்ட்டர் தானே நின்றுவிட வேண்டும், அப்படித்தான் அதைச் செய்தே வைத்திருக்கிறார்கள். அறுந்த கம்பியைக் கட்ட லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குள் போனால் அவர் உயிர் போய்விடும். அதற்காகத்தான். உச்சி வெயில் மொட்டை மாடியைக் கொளுத்திக்கொண்டிருக்கும், கீழே உங்கள் ஃபேன் சுற்றாது. 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், அது நல்ல திட்டம்தான். ஆனால் அது லைனோடு இணைத்த சோலாருக்கு. பில் அதிகம் வரும் வீட்டுக்குப் பொருந்தும். உங்களுக்கு வேண்டியது பில் குறைவது இல்லை, கம்பம் சாய்ந்த பிறகும் ராத்திரி அப்பா அம்மாவுக்கு ஃபேன் சுற்றுவது. இரண்டும் வேறு வேறு வேலை.

சரி, இப்போது கணக்கு. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். மூன்றுக்கு 225. பல்பு ஐந்துக்கு 45, டி.வி. 60. மொத்தம் 330 வாட். உங்கள் பேட்டரி 12 வோல்ட், 150 ஏ.எச்., பெருக்கினால் 1,800 வாட் ஹவர். ஆனால் டியூபுலரைப் பாதிக்குக் கீழே தினமும் இறக்கினால் ஆயுள் போய்விடும். இன்னொன்று, அந்த 150 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கிற அளவு, வேகமாக இழுத்தால் அதிலும் குறையும். பாதி 900, அதில் இன்வெர்ட்டர் தின்பது போக 750 கிடைக்கும் என்று வையுங்கள். 330 வாட் இழுத்தால் இரண்டேகால் மணி நேரம். அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் பேட்டரியின் ஆயுளைத் தின்றுதான் ஓடுகிறது.

ஆகவே பேனலுக்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள். பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார் வைத்தது, முழு வேகத்தில் 30 வாட் பக்கம்தான், மூன்றாம் நம்பரில் வைத்தால் அதிலும் பாதி. மூன்று ஃபேனும் சேர்த்து 90 வாட், இரண்டு பல்பு 18. இதே பேட்டரி ஏழு மணி நேரம் வரும், சோலார் என்ற பேச்சே இல்லாமல். மூன்று ஃபேனுக்கு 9,000 ரூபாய் ஆகலாம். 40,000-இல் இதைவிட நல்ல செலவு வேறு கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன்.

பேட்டரியை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். முழுதாக சார்ஜ் ஆன பிறகு, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் விட்டு ஆறு செல்லையும் பாருங்கள், 1.24 பக்கம் ஆறும் ஒன்றுபோல நின்றால் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு செல் மட்டும் தனியாகக் கீழே கிடந்தால் அது போகப்போகிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நல்ல சரக்குதான், 100 ஏ.எச். இருந்தாலே உங்கள் 150 டியூபுலரைவிட அதிகம் கொடுக்கும், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் பழைய இன்வெர்ட்டரின் சார்ஜர் டியூபுலருக்கென்று வைத்தது, இரண்டையும் கேள்வி கேட்காமல் இணைக்கக்கூடாது. இது சாகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

திண்டுக்கல் ஆசிரியை:

வயர்மேன் அண்ணா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பட்ட ஒரு அடியைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

எங்கள் ஊர்க் கடையில் 330 வாட் பேனலும், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ஒரு சார்ஜ் கண்ட்ரோலரும் சேர்த்துக் கொடுத்தார்கள். நான்கு மாதம் ஓடியும் பேட்டரி நிறையவே இல்லை. மேகம் என்றார்கள், தூசி என்றார்கள், நான் தினமும் காலையில் மாடிக்குப் போய்ப் பேனலைத் துடைத்தேன். கடைசியில் என் மாணவன் ஒருவன், இப்போது ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: டீச்சர், இது பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலர். அந்தப் பேனல் 37, 38 வோல்ட்டில்தான் முழு வேலை செய்யும், 8.8 ஆம்பியர் கொடுக்கும். பி.டபிள்யூ.எம். அதை அப்படியே 13 வோல்ட் பேட்டரியோடு கட்டிப்போடுகிறது. ஆம்பியர் அதேதான், வோல்ட் மட்டும் விழுந்துவிடுகிறது. 8.8 பெருக்கல் 13, கிட்டத்தட்ட 115 வாட். 330-க்குப் பணம் கொடுத்து 115 வாங்கிக்கொண்டிருந்தேன்.

எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் அதிக வோல்ட்டை இறக்கி ஆம்பியரை ஏற்றிக் கொடுக்கும், அதே பேனலில் 24, 25 ஆம்பியர் வரை பேட்டரிக்குப் போகும். மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. எம்.பி.பி.டி. என்று ஸ்டிக்கர் ஒட்டிய போலிகளும் விற்கிறார்கள், ஆகையால் நல்ல வெயிலில் பேனல் பக்க ஆம்பியரைவிட பேட்டரி பக்க ஆம்பியர் தெளிவாக அதிகம் காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேனலின் பின்னால் வி.ஓ.சி. என்று ஒரு எண் இருக்கும், எதோடும் இணைக்காதபோது பேனலில் நிற்கும் வோல்ட் அது, 330 வாட்டுக்கு 46 பக்கம். கண்ட்ரோலர் 50 வோல்ட்தான் தாங்கும் என்றால் அதைத் தொடாதீர்கள், 100 வோல்ட் தாங்குவதை எடுங்கள். மார்கழிக் காலைக் குளிரில் அந்த வோல்ட் இன்னும் ஏறும்.

இன்னொரு விஷயம், இது யாரும் சொல்லித் தரவில்லை. சாதாரண இன்வெர்ட்டர் விடிய விடிய லைன் கரண்டிலேயே பேட்டரியை நிரப்பிவிடும். காலையில் வெயில் வரும்போது பேட்டரியில் இடமே இருக்காது, பேனல் சும்மா காயும். வெயில் இருந்தால் லைன் சார்ஜிங்கை நிறுத்துகிற வசதியோடு கண்ட்ரோலர் கிடைக்கிறது, சோலார் மேனேஜ்மென்ட் யூனிட் என்று கேட்டுப் பாருங்கள்.

உப்பளக்காரன்:

டீச்சர், அண்ணா, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. நான் 550 வாட் பேனல் ஒன்று வாங்கலாம் என்றிருந்தேன், வாட்டுக்கு விலை குறைவு என்பதால். ஃப்ரிட்ஜ் பற்றி யாராவது சொல்லுங்கள். அப்புறம் புயல் எச்சரிக்கை வந்தால் பேனலை என்ன செய்வது?

யாழ் நிலா:

வணக்கம் தம்பி, நான் யாழ்ப்பாணம். 2022 மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் பெட்ரோல் இல்லாமல் வரிசையில்தான் நின்றார்கள். கூரையில் பெரிய சோலார் பூட்டி மின்சார சபைக்கு விற்றுக்கொண்டிருந்த வீடுகளும் எங்களோடு சேர்ந்து இருட்டில் இருந்தன, மேலே அண்ணா சொன்ன அதே காரணம். எங்களிடம் இரண்டு சின்னப் பேனலும் ஒரு பேட்டரியும் இருந்ததால் பிள்ளைகள் படித்தார்கள்.

நாங்கள் பழகியது ஒன்றுதான்: வேலையை வெயிலுக்கு மாற்றுவது. பகல் 11 முதல் 2 வரை பேனல் நேராகக் கொடுக்கும்போதே போன், டோர்ச், லாப்டொப் எல்லாம் ஏற்றிவிடுவோம், பேட்டரிக்குள் போய்த் திரும்பி வரும் இழப்பு மிச்சம். ஃப்ரிட்ஜையும் அந்த மூன்று மணித்தியாலம் மட்டும் போடுவோம். ஓடும்போது 90, 100 வாட்தான், ஆனால் கொம்பிரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் பல மடங்கு இழுக்கும். அதனால் அந்த நேரம் வேறு ஒன்றும் போடுவதில்லை. கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி வைத்தால் அந்தக் குளிர் மறுநாள் காலை வரை ஓரளவு நிற்கும், கதவைத் திறக்காமல் இருந்தால். இரவில் ஃப்ரிட்ஜ் ஓட்ட நினைக்க வேண்டாம், பேட்டரி தாங்காது.

அப்பாவின் இன்சுலினுக்கு: பாவனையில் இருக்கிற குப்பி பெரும்பாலும் நான்கு கிழமை வரை வெளியில் இருக்கலாம், வெக்கையும் வெயிலும் படாமல். எங்கள் அம்மம்மாவுக்கு ஈர மணல் நிரப்பிய பானைக்குள் இன்னொரு சின்ன மண்பானை வைத்து அதற்குள் வைத்தோம், குப்பியில் ஈரம் படாமல் ஒரு டப்பாவில் போட்டு. மருந்துக்கு மருந்து கணக்கு மாறும், அதனால் இப்போதே உங்கள் வைத்தியரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புயல் வந்த பிறகு கேட்க ஆள் கிடைக்காது.

கடலூர்க்காரன்:

2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவன் என்ற முறையில் பேனல் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

550 வாட் வேண்டாம். அது கிட்டத்தட்ட ஏழரை அடி நீளம், 28 கிலோ. காற்று எழும்ப ஆரம்பித்த பிறகு அதைக் கழற்றிப் படியில் இறக்குவது இரண்டு பேரால்கூட ஆகாது, அது பட்டம் மாதிரி ஆளையே தூக்கும். 330 வாட் 22 கிலோ, இரண்டு பேர் இறக்கலாம். ஒன்று வாங்குங்கள், கண்ட்ரோலரைக் கொஞ்சம் தாராளமாக 40 ஆம்பியரில் எடுத்துவிடுங்கள். ஒரு 330 நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் பக்கம் தரும். ராத்திரி இரண்டு பி.எல்.டி.சி. ஃபேனுக்கும் நாலு விளக்குக்கும் போனுக்கும் அது சரியாக இருக்கும். மழை மூடிய நாளில் கால்வாசிகூட வராது, அன்றைக்கு ஒரு ஃபேனோடு இருக்க வேண்டியதுதான்.

ஸ்டாண்டை காங்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். செங்கல் அடுக்கி நிறுத்துவது கடற்கரை ஊரில் கொலைக்குச் சமம், பறந்து யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. சாய்வு 10, 12 டிகிரி, தெற்குப் பார்த்து. நட்டு போல்ட் எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுங்கள், நம் உப்புக்காற்றில் சாதா இரும்பு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் அவசரத்துக்குக் கழற்ற முடியாது. வருடம் ஒருமுறை, புரட்டாசியில், கழற்றிப் பார்த்து கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஸ்பேனர் எந்த நம்பர் என்று எழுதி சுவரிலேயே ஒட்டி வையுங்கள். எச்சரிக்கை வந்ததும் காற்று வரும் முன்பே, முந்தின நாளே கழற்றுங்கள். பேனலை ஒரு துணியால் மூடி, பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் கனெக்டரைப் பிரிக்க வேண்டும்.

அந்த பிரேக்கர் டி.சி. என்று எழுதியதாக இருக்கட்டும். வீட்டு லைனின் ஏ.சி. கரண்டுக்கான பிரேக்கரை மாட்டிவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் நிறைய. ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி அணைந்துவிடும். டி.சி. அப்படித் தொடாது, பொறி நின்று எரியும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் கட்டாயம். கண்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே 10 சதுர மில்லிமீட்டர் வயர், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக. இந்த ஃபியூஸும் வயரும்தான் எல்லோரும் காசு மிச்சம் பிடிக்கிற இடம், வீடு பற்றி எரிவதும் இங்கிருந்துதான்.

உப்பளக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஹைட்ரோமீட்டர் வாங்கிப் பார்த்தேன். ஐந்து செல் 1.24, ஒன்று மட்டும் 1.22. பேட்டரிக் கடைக்காரர், முழுதாக சார்ஜ் ஏற்றி ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள் என்றார். பேட்டரியை மாற்றவில்லை.

போட்ட கணக்கு இது: ஃபேன் மூன்றுக்கு 9,000, பேனல் 9,500, எம்.பி.பி.டி. 40 ஆம்பியர் 8,500, வெல்டரிடம் கால்வனைஸ்டு ஸ்டாண்ட் 3,500, வயர், ஃபியூஸ், டி.சி. பிரேக்கர் 4,000. 34,500 ஆகிறது. மீதியைத் தொடவில்லை, பேட்டரி போகிற அன்றைக்கு லித்தியத்துக்கு அது முதல் தவணை.

ஃபேன் மட்டும் முதலில் வந்துவிட்டது, முந்தாநாள் ராத்திரி ஐந்து மணி நேரம் கட், இன்வெர்ட்டர் கத்தவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஒரு மணிக்கு ஒருமுறை போய்ப் பக்கத்துத் தோப்புத் தென்னையின் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வைக்கப் போகிறேன், ஸ்டாண்ட் இடத்தை அதற்கப்புறம்தான் வெல்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டரிடமும் கேட்டேன், அப்பாவின் மருந்துக்கு 28 நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அம்மா குயவர் தெருவுக்குப் போய் இரண்டு பானை வாங்கி வந்துவிட்டாள்.