உங்கள் பூர்வீகம் எது என்று ஐரோப்பாவில் கேட்டார்களா? கேட்க மறுத்தார்களா? அனுபவங்களைப் பகிருங்கள்

லைப்சிக்வாசி:
ஜெர்மன் வகுப்பு முடித்து மூன்று மாதம். மதிய உணவின்போது ‘இனம்’ என்று சொல்ல, அகராதியில் பார்த்து வைத்திருந்த ‘ராஸ’ என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். எதிரே இருந்தவரின் கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது. மூத்த ஊழியர் ஒருவர் குரலை உயர்த்தாமல், “அதை நாய்க்கும் குதிரைக்கும்தான் சொல்வோம்” என்றார். 1933-இல் பரம்பரை நோயைக் காரணம் காட்டிச் சட்டம் போட்டு, சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்த நாடு. அந்தக் கூச்சம் நியாயமானது. ஆனால் அவர்களின் அரசியல் சாசனத்தின் 3-ஆவது பிரிவில் அதே சொல் இருக்கிறது. நீக்க வேண்டும் என்று 2020-இல் பெரிய விவாதமே நடந்தது. அன்று நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமோ?

குரோய்டன் அம்மா:
இங்கே லண்டனில் முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரத்தில் மருத்துவச்சி படிவத்தை எடுத்து, என் பாட்டி எந்த ஊர், கணவரின் பாட்டி எந்த ஊர் என்றார். எனக்குச் சுருக்கென்றது. பரம்பரையாக வரும் ரத்த நோய்களான சிக்கிள் செல், தலசீமியா ஆகியவற்றின் பரிசோதனைக்காக என்று பிறகுதான் சொன்னார். நான் தலசீமியா கேரியர், அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவள் என்று தெரிந்தது.
கர்ப்பமாக இருக்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். நீங்கள் கேரியர் என்றால் கணவரையும் உடனே பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை விழுங்காதீர்கள், நான் விழுங்கினேன். முடிவுத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஊரில் இருக்கும் அக்கா தங்கைகளிடமும் சொல்லுங்கள், அவர்களுக்கும் இருக்கலாம்.

லா ஷாப்பெல்காரன்:
குரோய்டன் அக்கா, கேட்பதால் உங்களுக்கு நன்மை நடந்தது, மகிழ்ச்சி. லைப்சிக் நண்பரே, “கூச்சம் நியாயமானது” என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பிரான்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ற கட்டமே கிடையாது. பூர்வீகம் அறிய நீங்களாக டிஎன்ஏ சோதனை செய்துகொண்டால் 3,750 யூரோ வரை அபராதம். எல்லோரும் குடிமக்கள், அவ்வளவுதான் என்பார்கள்.
என் மகள் பிறந்த மறுநாள் தாதி உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், தாழ்ந்த குரலில் “பெற்றோர் எந்த நாடு?” என்றார். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தைச் சிக்கிள் செல்லுக்கும் பார்க்கலாமா என்று முடிவு செய்யத்தான். 2024 நவம்பருக்கு முன்பு, பெற்றோரின் பூர்வீகத்தைப் பார்த்துத்தான் இங்கே அந்தச் சோதனை. இப்போது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. கேள்வி தவறில்லை, அதைக் குற்றம் செய்பவர்போல அவர் கிசுகிசுத்ததுதான் என்னை உறுத்துகிறது.

உப்சாலா வாசகி:
நீங்கள் கேள்வியைப் பற்றியே பேசுகிறீர்கள். மக்களை இனம் இனமாகப் பிரித்து ஆராய, அரசு இன உயிரியல் நிறுவனத்தை 1922-இல் திறந்த ஊரில் நான் இருக்கிறேன். சுவீடனில் 1935 முதல் 1975 வரை சுமார் 63,000 பேருக்குக் கருத்தடை நடந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் அத்தையைப் பற்றிச் சொன்னார். காப்பகத்திலிருந்து வெளியே விட வேண்டுமானால் கருத்தடைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடு என்றார்களாம். போட்டாராம். 1999-இல் நாடாளுமன்றம் 1,75,000 குரோனர் இழப்பீடு அறிவித்தபோது அத்தை உயிருடன் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, என் மகனின் தலையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.