புரொஜெக்டரில் என் குறிப்புகள் தெரிகின்றன, என்ன செய்வது?

கேள்வி:
பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் பவர்பாயின்ட் போட்டேன். எல்லாம் தலைகீழ்! ஸ்லைடு என் லேப்டாப்பில் இருக்கிறது, "இங்கே மெதுவாகச் சொல்" என்று எனக்காக எழுதிய குறிப்பு சுவரில் பெரிதாக ஓடுகிறது. பேச்சே தடுமாறிவிட்டது. விண்டோஸ் 10. வெள்ளிக்கிழமை மறுபடி பேச வேண்டும், உதவுங்கள்.

பதில் 1:
டீச்சர், பயப்படாதீர்கள். இரண்டு திரையும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். குறிப்பு தெரியும் பக்கத்தில் மேலே 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' இருக்கும். அதில் 'ஸ்வாப்' என்று தொடங்கும் வரியை அழுத்துங்கள், உடனே மாறிவிடும். வயரைச் செருகியதும் விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுக்கவும் மறக்காதீர்கள். 'டூப்ளிகேட்' இருந்தால் இரண்டிலும் ஒரே காட்சிதான் வரும்.

பதில் 2:
வீட்டில் புரொஜெக்டர் இல்லாமலே ஒத்திகை பார்க்கலாம் அக்கா. ஆல்ட் விசையோடு எஃப்5 அழுத்தினால் ஒரே திரையில் குறிப்பு, அடுத்த ஸ்லைடு, ஓடும் நேரம் எல்லாம் வரும். பவர்பாயின்ட் 2013 முதல் உண்டு. அப்புறம், யாராவது கேள்வி கேட்டால் பி (B) விசையைத் தட்டுங்கள். திரை கறுப்பாகும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வசதி அதுதான்.

கேட்டவர்:
இப்போதுதான் வகுப்பறை டிவியில் இணைத்துப் பார்த்தேன். ஸ்வாப் அழுத்தியதும் சரியாகிவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. இன்றிரவு ஒத்திகை பார்க்கிறேன்.