கல்லீரல் வாசலில் புற்றுநோய் அடைப்பு: ஸ்டென்டா, விலா வழியாக டியூபா?

வீட்டுப்பராமரிப்பு_நர்ஸ்:
நோயாளிக்கு வயது 64. பித்தநாளப் புற்றுநோய், இடது வலது நாளங்கள் சேரும் இடத்தில். எம்ஆர்சிபி (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) அறிக்கையில் பிஸ்மத் 3ஏ, அதாவது அடைப்பு வலது நாளத்தின் கிளைகள் வரை பரவிய வகை என்று இருக்கிறது. ஆபரேஷன் முடியாது என்று முடிவாகிவிட்டது, பயாப்ஸியும் வந்துவிட்டது. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 17.4 மி.கி./டெ.லி., காய்ச்சல் இல்லை, வயிற்றில் நீர் இல்லை. அரிப்பில் இரவு முழுக்கத் தூக்கமில்லை. அரிப்புக்கான கொலஸ்டிரமின் பத்து நாளாகக் கொடுத்தும் பலனில்லை. ஒரு டாக்டர் எண்டோஸ்கோபி வழியாக மெட்டல் ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) போடலாம் என்கிறார், இன்னொருவர் விலா வழியாகக் கல்லீரலுக்குள் டியூப் விட்டுப் பித்தத்தை வடிக்கலாம் என்கிறார். எது சரி? டியூபோடு வீட்டுக்கு வந்தால் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்கோப்_அறை:
சிஸ்டர், கணையத் தலையில் கட்டி இருந்து நாளத்தின் அடிப்பகுதி அடைபட்டிருந்தால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். ஈஆர்சிபி (வாய் வழியாக ஸ்கோப் விட்டுப் பித்தநாளத்துக்குள் போகும் முறை) செய்து 10 மி.மீ. மெட்டல் ஸ்டென்ட் ஒன்று வைத்தால் கல்லீரல் முழுவதும் வடிந்துவிடும். 3ஏ வேறு கதை. இடது நாளம், வலது முன், வலது பின் மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக நிற்கும்.

எத்தனை ஸ்டென்ட் என்று எண்ணாதீர்கள், கல்லீரலில் எவ்வளவு வடிகிறது என்று பாருங்கள். வேலை செய்யும் கல்லீரலின் கன அளவில் பாதிக்கு மேல் வடிய வேண்டும். இடது பக்கம் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான், அதை மட்டும் திறந்தால் பலருக்குப் போதாது. சுருங்கிப்போன பகுதியில் ஸ்டென்ட் வைப்பது வீண். அதனால்தான் எம்ஆர்சிபியையும் சிடியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த இரண்டு பகுதி என்று முன்பே தீர்மானித்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

இதில் நடக்கும் பெரிய தவறு, படம் நன்றாகத் தெரியட்டும் என்று எக்ஸ்ரேயில் நாளத்தைக் காட்டும் சாயத்தை எல்லா நாளங்களுக்கும் ஏற்றிவிடுவது. ஸ்கோப்போடு சிறுகுடல் கிருமியும் போகிறது. சாயம் போய், வடிகால் கிடைக்காத பகுதியில் இரண்டு நாளில் சீழ் பிடிக்கும். முதலில் வழிகாட்டும் மெல்லிய வயர் போகட்டும், வயர் போன இடத்துக்கு மட்டும் சாயம்.

10 பிரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு) பிளாஸ்டிக் ஸ்டென்டின் வெளிவிட்டமே 3.3 மி.மீ.தான். கிருமிப் படலமும் கசடும் சேர்ந்து மூன்று மாதத்தில் அடைத்துவிடும், அதற்குள் மாற்ற வேண்டும். உறையில்லாத மெட்டல் ஸ்டென்ட் கூடுதல் காலம் தாங்கும். ஆனால் திசுவில் புதைந்துவிட்டால் எடுக்க முடியாது, வலைக்கண் வழியாகக் கட்டியும் உள்ளே வளரும். அப்போது அதற்குள்ளேயே இன்னொன்றை விட வேண்டும். உறை போட்டதை இந்த இடத்தில் வைத்தால் பக்கக் கிளைகளின் வாயை மூடிவிடும். பயாப்ஸி வந்து, ஆபரேஷன் இல்லை என்று உறுதியாகி, நான்கு மாதத்துக்கு மேல் வாழ்நாள் எதிர்பார்த்தால் உறையில்லாத மெட்டல். உங்கள் நோயாளி இதில்தான் வருகிறார்.

எக்ஸ்ரே_தியேட்டர்:
ஸ்கோப் டாக்டர் சொன்னதில் கடைசி வரி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 3ஏ, 4 வகைகளில் எந்தப் பகுதி வேண்டுமோ அதை அல்ட்ராசவுண்டில் பார்த்தே குத்தலாம். கீழிருந்து ஏறி வரும் வயருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. முதலில் டியூப், பிலிருபின் இறங்கிய பிறகு அதே பாதையில் மெட்டல் ஸ்டென்ட் என்பதே என் கட்சி. முதல் நாளே நிரந்தரமானதை வைத்து, அது தவறான பகுதியாக இருந்தால் திரும்ப வழியில்லை.

செய்முறை சுருக்கமாக: ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) 1.5க்குள், பிளேட்லெட் 50,000க்கு மேல். பித்தம் குடலுக்குப் போகாததால் வைட்டமின் கே உறிஞ்சப்படாமல் ஐஎன்ஆர் ஏறியிருக்கும், 10 மி.கி. ஊசியில் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கும். ஆன்டிபயாடிக் முன்கூட்டியே. 21 அல்லது 22 கேஜ் மெல்லிய ஊசியால் கல்லீரலின் ஓரக் கிளையைப் பிடித்து, 0.018 அங்குல வயர், பிறகு 0.035, அதன்மேல் 8 அல்லது 8.5 பிரெஞ்ச் பிக்டெயில் (முனை சுருண்ட) டியூப். நடு நாளத்தில் குத்தினால் பக்கத்திலுள்ள ரத்தக்குழாய் அடிபடும். அடைப்பைத் தாண்டிச் சிறுகுடல் வரை போனால் பித்தம் உள்ளேயும் வெளியேயும் வடியும். தாண்டவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் வெளியே மட்டும் வடியவிட்டு, வீக்கம் வடிந்தபின் சில நாள் கழித்து மறுபடி பார்க்கலாம். வயிற்றில் நீர் அதிகம் இருந்தால் மட்டும் நானே ஸ்கோப் பக்கம் அனுப்பிவிடுவேன், டியூபைச் சுற்றி ஒழுகிக்கொண்டே இருக்கும்.

டியூப்_சிஸ்டர்:
வீட்டில் பார்க்க வேண்டியதை நான் சொல்கிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்தபடி 5 முதல் 10 மி.லி. ஸ்டெரைல் சலைனை மெதுவாக உள்ளே செலுத்துங்கள். சிரிஞ்சைப் பின்னால் இழுக்கவே கூடாது, குடலில் இருக்கும் கிருமி பித்தநாளத்துக்கு வந்துவிடும். தடை தெரிந்தால் அழுத்தாதீர்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. தோலில் டியூப் நுழையும் இடத்தில் மார்க்கர் கோடு போட்டு வையுங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால் பக்கத்துளைகள் இடம் மாறியிருக்கும், டிரெஸ்ஸிங் நனைவது அதனால்தான்.

வெளியே மட்டும் வடிந்தால் ஒரு நாளைக்கு 400 முதல் 800 மி.லி. வரை போகலாம். அதோடு உப்பும் பைகார்பனேட்டும் போகும். அளவை எழுதி வையுங்கள், ஓஆர்எஸ் கொடுங்கள். லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் சோடியம், கிரியேட்டினின் பார்க்க வேண்டும். திடீரென்று பை காலியாக இருந்தால் முதலில் மூவழித் திருகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். பாதி அழைப்பு இதற்குத்தான் வரும். மூடி வைத்த டியூபில் காய்ச்சலோ கசிவோ வந்தால் உடனே திறந்து பையில் மாட்டுங்கள். நடுக்கத்தோடு குளிர்சுரம் என்றால் பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை காத்திருக்கக் கூடாது, அப்போதே ஆஸ்பத்திரி. பையில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான். டியூபை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கொலஸ்டிரமின் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து. மலம் வெள்ளைக் களிமண் போல இருந்தால் குடலுக்குப் பித்தமே வரவில்லை, அது எதைப் பிடிக்கும்? வடிகால் வைத்தால் அரிப்பு சில நாளில் அடங்கும். அதுவரை அரிப்புக்குச் செர்ட்ரலின் மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

வீட்டுப்பராமரிப்பு_நர்ஸ்:
நன்றி சிஸ்டர், மலம் வெள்ளைதான். கீமோவுக்காகக் காத்திருக்கிறார்கள். பிலிருபின் எத்தனை நாளில் இறங்கும்?

ஸ்கோப்_அறை:
நன்றாக வடிந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஏறக்குறைய பாதியாகும், பிறகு வேகம் குறையும். பிலிருபினில் ஒரு பங்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அது கரைய வாரக்கணக்கில் ஆகும். அதனால் 4, 5இல் நின்றாலே ஸ்டென்ட் அடைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். முதல் வாரத்தில் அசையவே இல்லையென்றால் அல்ட்ராசவுண்ட் செய்து எந்த நாளம் இன்னும் விரிந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது டியூப் அங்கேதான். எக்ஸ்ரே டாக்டர் சொன்ன வரிசையும் சரிதான், அந்த ஊரில் எது கைதேர்ந்தவரிடம் கிடைக்கிறதோ அதை முதலில் செய்யட்டும்.