எம்பாமிங் (இறந்தவங்க உடம்ப மருந்து ஏத்திக் கெடாம வைக்கிறது) முறையா கத்துக்க எங்க சேரணும்?

வணக்கம். காரைக்குடியில ஃப்ரீசர் பாக்ஸ், அமரர் ஊர்தி வாடகைக்கு விடுறோம், அப்பா ஆரம்பிச்சது, நான் 6 வருஷமா கூட இருக்கேன். இங்க பல வீட்டுல புள்ளைங்க சிங்கப்பூர், மலேசியானு இருக்காங்க, அவங்க வந்து சேர்ற வரைக்கும் உடம்ப கெடாம வச்சிருக்கணும்.

போன சித்திரையில தேவகோட்டை பக்கம் ஒரு ஆச்சி. மகன் வர 3 நாளாச்சு, லோ வோல்டேஜ்ல கம்ப்ரசர் நின்னு நின்னு ஓடி கண்ணாடி பூரா வேர்த்துப் போச்சு, அவர் வந்து துண்டால தொடச்சு தொடச்சுப் பாத்தார், முகம் மாறியிருந்துச்சு. அத என்னால மறக்க முடியல.

ஒரு மெடிக்கல் காலேஜ் அனாட்டமி டிபார்ட்மெண்ட்ல 2 தடவ கேட்டேன், வெளியாளுக்கு சொல்லித்தர மாட்டோம்னுட்டாங்க. அமெரிக்காவுல மார்ச்சுவரி சயின்ஸ்னு 2 வருஷ காலேஜ் படிப்பு, போர்டு பரீட்சை, அப்புறம் அப்ரண்டிஸ்னு ஒழுங்கா இருக்கு, ஆனா அந்த ஃபீஸுக்கு வழியில்ல. யூடியூப் பாத்து கைவைக்கவும் மனசு வரல, ரத்தக்குழாய் வழியா மருந்து ஏத்தறது, அந்த ஃபார்மலின் மருந்து கூடிப்போனா தோல் சாம்பல் பூத்துரும், நமக்கும் கண்ணு மூக்கு எரியும், கேன்சர் வரைக்கும் கொண்டுபோகும், அது ஒருத்தர் வீட்டு ஆச்சியோட உடம்பு வேற.

நான் பிஎஸ்சி விலங்கியல், வயசு 27. 6 மாசமோ ஒரு வருஷமோ வெளியூர்ல தங்கிப் படிக்கத் தயார்.

தமிழ்நாடு, கேரளா, பெங்களூர் எங்கயாச்சும் என்னை மாதிரி வெளியாளுக்கு எம்பாமிங் கைப்பயிற்சியோட சர்டிபிகேட் தர்ற இடம், நேர்ல படிச்சவங்களுக்குத் தெரிஞ்சது இருக்கா?